அடக்கி வைத்த இருமல்

மாலை நான்கு மணி வெயில் மடிக்கணினியின் மேல் சாய்ந்து விழுகிறது. இணையவழி வாய்மொழித் தேர்வு முடிந்து, தேர்வாளர்கள் மூவரும் தனியே பேசி முடிவெடுக்கப் போயிருக்கிறார்கள்; திரையில் "காத்திருக்கவும்" என்ற சொல் மட்டும் நிற்கிறது. பேருந்துப் பணிமனையில் நேரக் கண்காணிப்பாளராக இருந்துகொண்டே, ஆறு வருடம் பகுதி நேரமாகப் பொருளாதார முனைவர் பட்டத்துக்குப் படித்தவள் அவள். நிறுத்தத்தில் காத்து நிற்பவர்களின் நேரத்துக்கு என்ன மதிப்பு என்பதுதான் ஆய்வு. இப்போது அவளே காத்திருக்கிறாள். பேனா மூடியைக் கழற்றுகிறாள், மாட்டுகிறாள். சத்தம் வரக் கூடாதென்று வீட்டில் மின்விசிறிகூட ஓடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், இரண்டு மணி நேரமாக வாயில் துண்டைப் பொத்தி இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மாமனார். திரையில் மறுபடியும் முகங்கள் தெரிகின்றன. தலைமைத் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிறார். "வாழ்த்துகள் டாக்டர். ரெண்டே ரெண்டு சின்னத் திருத்தம்தான்." நன்றி சொல்லி மடிக்கணினியை மூடுகிறாள். கதவு ஒருக்களித்துத் திறக்கிறது. "முடிஞ்சுதாம்மா? இருமலாமா?" "பாஸ் மாமா! ஆசை தீர இருமுங்க." அவர் துண்டை எடுக்கிறார், வாயைத் திறக்கிறார், அப்படியே நிற்கிறார். கண் இரண்டும் கலங்கியிருக்கின்றன. "இப்பப் பாரேன், வரவே மாட்டேங்குது."