பாலூட்டியும் ஊர்வனவும்

நாளைக்கு வருவதாகச் சொன்ன யதுசன் ஒருநாள் முந்தியே, அதுவும் சோறு வடிக்கிற நேரம் பார்த்து, முத்துக்குமாருவின் வாசலில் வந்து நின்றான்.

அவனுக்குச் சொல்லவேண்டிய பதில் தயாராகத்தான் இருந்தது. தயாளினிக்கு அவனைக் கட்ட விருப்பமில்லை. அவள் வேண்டாமென்றால் வேண்டாம்தான் என்று முத்துக்குமாரு மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார்.

ஆனால் பெண் கேட்டு வந்தவனைப் பசியோடு அனுப்ப முடியுமா? சாப்பிட்ட பிறகு சொல்லலாம்.

அடுப்பிலிருந்த கறியை மறைக்கத்தான் நேரமில்லாமல் போயிற்று. வாசம் பிடித்தவன் தானாகவே வந்து பாயில் அமர்ந்துவிட்டான்.

ஆட்டிறைச்சி என்றார் முத்துக்குமாரு. தேவையில்லாமல் குரல் உயர்ந்துவிட்டது.

யதுசனுக்கு வனசீவராசிகளைக் காக்கும் உத்தியோகம். பள்ளிக்கூடங்களில் கதைத்துக் கதைத்து, போகிற வீடுகளிலும் வகுப்பெடுக்கிற பழக்கம் வந்திருந்தது. முதல் வாயை விழுங்கியதும் சற்று நிறுத்தினான். பிறகு சாப்பிட்டுக்கொண்டே தொடங்கினான்.

ஆடு பாலூட்டி. குட்டி போடும். உலகம் முழுக்க மேய்கிறது, அந்த இனத்துக்கு ஒரு குறையும் வராது. கடலாமை ஊர்வன. முட்டையிடும். அழிந்துகொண்டு போகிற இனம். அதை வெட்டிக் கறியாக்கினால் மறியலில் கம்பி எண்ண வேண்டியதுதான். ஒன்றுக்கொன்று எந்த உறவுமில்லாத இரண்டு உயிர்கள்.

ஆட்டுக்குக் கொழுப்பு வெள்ளை, இதற்குப் பச்சை என்று கறித்துண்டைத் திருப்பிக் காட்டினான்.

காலையில் வலையில் செத்துக் கிடந்தது, எறிய மனம் வராமல்தான் கொண்டுவந்தேன் என்று சொல்ல நினைத்தார் முத்துக்குமாரு. யார் நம்புவார்கள்? தன் தட்டிலிருந்த கறியைச் சோற்றால் மூடினார்.

யதுசன் இன்னும் கொஞ்சம் கறி கேட்டான். தயாளினி ஊற்றினாள். ரசித்துச் சாப்பிட்டான், பாவி. கடைசி எலும்பைச் சுத்தமாகச் சூப்பி, முகம் துடைக்கிற லேஞ்சியை விரித்து, அதில் வைத்து மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

அதுவரை அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“தையிலையே கலியாணத்தை வைப்பம், மாமா. எலும்பைக் கனநாள் வைச்சிருந்தால் மணக்கும்.”

தயாளினி அகப்பையோடு தகப்பனைப் பார்த்தாள்.

அவளுடைய தலையில் வைத்த அதே கையால் சோற்றைப் பிசைந்தபடி, “ஓம் தம்பி” என்றார் முத்துக்குமாரு.