அடிக்குழம்பு

சட்டி பின்வாசல் கல்லின்மேல் கவிழ்ந்து கிடந்தது. கழுவி, தேய்த்து, வெயில் படும்படி.

அவள் இடுப்பில் மீன் கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன் அண்ணி இப்படிப் பார்க்கறீங்க? அடியெல்லாம் ஒரே பிசுக்கு. சாம்பல் போட்டுத் தேய்ச்சேன்" என்றாள் நாத்தனார். "நேத்துக் குழம்பு ஒரு கரண்டி கிடந்தது, கொட்டிட்டேன். காக்காகூட எட்டிப் பார்க்கல, போங்க."

நாத்தனார் நேற்று மாலைதான் ஊரிலிருந்து வந்தாள். அண்ணன் போன பிறகு அண்ணி தனியாக அல்லாடுகிறாளே என்று, விடிந்ததும் கையில் அகப்பட்டதையெல்லாம் கழுவிவைத்திருந்தாள். கடையின் பழக்கம் அவளுக்குத் தெரியாது.

அந்தச் சட்டியை யாரும் கழுவுவதில்லை.

கடற்கரைச் சாலையில் மீன்குழம்புக் கடைகள் வரிசையாக இருந்தும் கூட்டம் இங்கேதான் நிற்கும். அதற்குக் காரணம் சட்டிதான் என்பார் மாஸ்டர், அவள் கணவர். ஒவ்வொரு நாளும் கடைசியாக ஒரு கரண்டியை அடியில் விட்டுவைப்பார். அதைச் சுண்டவைத்து, மறுநாள் குழம்பை அதன்மேலேயே கூட்டுவார். கடை திறந்த நாளிலிருந்து அந்தச் சட்டி ஒரு நாளும் வெறுமையாக இருந்ததில்லை.

அவர் போன பிறகு கடை பூட்டிக்கிடந்த இரண்டு வாரமும், அவர் விட்டுப்போன அந்தக் கரண்டியை அவள் காலையும் மாலையும் சுடவைத்துக் காப்பாற்றினாள். பிறகு கடையைத் திறந்து அதன்மேல் தன் குழம்பைக் கூட்டினாள். இருபத்துநான்கு நாட்கள்.

இத்தனை நாளில் அவர் குழம்பு எவ்வளவு கரைந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கடலில் விட்ட ஒரு சொட்டு. ஆனாலும் விட்டது விட்டதுதானே, எங்கே போய்விடும் என்று ஒவ்வொரு காலையும் தனக்கே சொல்லிக்கொள்வாள்.

இப்போது போய்விட்டது.

அவள் கூடையை இறக்கினாள். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

நேற்று பார்சல் வாங்கியவர்கள் வீட்டில் ஒரு கரண்டி மிஞ்சியிருக்காதா?

வலை பின்னுகிற பெரியவர் நூல்கண்டோடு உட்கார்ந்திருந்தார். "நேத்துக் குழம்பா? பாத்திரத்தை வழிச்சதுல கழுவுற வேலையே மிச்சம், தாயி" என்று சிரித்தார். அதோடு நிறுத்தவில்லை. "கோவிச்சுக்காதே. மாஸ்டர் கை உனக்கு வரல. ஏதோ பழகின நாக்கு, ஓடுது."

தையல்காரி வீட்டில் பூட்டு.

இன்னும் ஒரு வீடுதான் பாக்கி. அந்த வாசலை உயிர் உள்ளவரை மிதிக்கமாட்டேன் என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தாள்.

ஐஸ்காரரின் வண்டியில்தான் மாஸ்டர் விடியலில் மீன் எடுக்கப் போவார். வண்டி கவிழ்ந்த அன்று ஐஸ்காரர் காலில் கட்டோடு திரும்பினார். மாஸ்டர் திரும்பவில்லை. கடையை மறுபடி திறந்த நாள்முதல் ஐஸ்காரர் மனைவி தினமும் வந்து ஒரு பார்சல் வாங்குகிறாள். இவள் முகம் பார்க்காமல் கட்டிக்கொடுப்பாள்.

அந்தக் கதவைத் தட்டினாள்.

"நேத்துது ஒரு கரண்டி இருக்குமா?"

ஐஸ்காரர் மனைவி மிரண்டுபோய்த் தலையாட்டினாள். இல்லை.

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அந்தப் பொட்டலத்தைக் குடு."

"அதையா?"

"குடுன்னு சொல்றேன்ல."

ஐஸ்பெட்டியின் அடியிலிருந்து ஒரு பாலிதீன் பொட்டலம் வந்தது. கல்லாக உறைந்திருந்தது. வாயில் நூல் கட்டு. மூன்று சுற்று, நுனி உள்ளே சொருகியிருந்தது. அவள் கட்டுவது ரப்பர் பேண்டு. நூலால் கட்டுகிறவர் ஒருவர்தான். அந்தக் கட்டை அவிழ்க்க யாராலும் முடியாது, அறுக்கத்தான் வேண்டும்.

"முந்தின நாள் வாங்கினது, அண்ணி" என்றார் ஐஸ்காரர், சுவரைப் பார்த்தபடி. "அன்னைக்குப் பசிக்கல. மறுநாள் பார்த்துக்கலாம்னு உள்ளே போட்டேன்."

மறுநாள்தான் வண்டி கவிழ்ந்தது.

கொஞ்சம் ஐஸையும் அள்ளித் துணியில் முடிந்து கொடுத்தாள் அவர் மனைவி. வாங்கியவள் எல்லாவற்றையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். குளிர் சேலையைத் தாண்டி உடம்பில் ஏறியது.

கடைக்கு முன்னால் அதற்குள் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். நாத்தனார் மீனை ஆய்ந்து வைத்திருந்தாள். ஓடிவந்தவள் அடுப்பைப் பற்றவைத்தாள். சட்டியை ஏற்றினாள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சட்டிக்கு முதுகைக் காட்டி வெகுநேரம் குந்தியிருந்தாள். நாத்தனார் இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை.

பன்னிரண்டரைக்குக் குழம்பு இறங்கியது.

முதல் பந்தியில் வலை பின்னுகிறவர். ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார்.

"இன்னைக்குத்தான்யா மாஸ்டர் கை வந்திருக்கு."

ஆமாம் ஆமாம் என்றது பந்தி. யாரோ இன்னொரு கரண்டி கேட்டார்கள்.

பாராட்டு அவள் கன்னத்தில் அறைந்ததுபோல் விழுந்தது. கரண்டியை நாத்தனார் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மீன் கூடைக்குப் பின்னால், துணியை விலக்கிப் பார்த்தாள். ஐஸ் பாதி கரைந்திருந்தது. நடுவில் பொட்டலம், போட்ட நூல் கட்டு போட்டபடியே இருந்தது.