காகம் சொன்ன சாட்சி

புலிக்குக் காலமெல்லாம் இரை தேடிக் கொடுத்த நரிக்குக் கால் முடங்கியது. சாகும்வரை தருவதாகச் சொன்ன இறைச்சிப் பங்கைப் புலி நிறுத்திவிட்டது. வழக்கு யானையிடம் வந்தது.

“ஏதோ பாசத்தில் சொன்னேன், பெரியவரே,” என்றது புலி.

“சிறுத்தையிடம் வேலைக்குப் போகக் கிளம்பினேன். என்னை நிறுத்தத்தான் அப்படிச் சொன்னார். அதை நம்பித்தான் போகாமல் இருந்தேன்,” என்றது நரி.

“அப்படியென்றால் கொடுத்தே ஆகவேண்டும். அவர் சொன்னதைக் காதால் கேட்டவர் உண்டா?” என்றது யானை.

எல்லோரும் காகத்தைப் பார்த்தார்கள். அன்று கிளையிலிருந்து அது எல்லாவற்றையும் கேட்டிருந்தது. ஆனால் அதன் வயிறு நிறைவது புலி வைக்கும் மிச்சத்தில்தான்.

“என் காதில் எதுவும் விழவில்லை.”

“உனக்குக் கூர்மையான காதாச்சே, தம்பி,” என்றது நரி.

சாட்சி இல்லையென்று யானை வழக்கைத் தள்ளியது. திரும்பும் வழியில் புலி காகத்திடம் கனிவாகச் சொன்னது: “உனக்கு வயசானால் நான் பார்த்துக்கொள்கிறேன்.”

காகம் சுற்றிலும் பார்த்தது. அதைக் கேட்க அங்கே வேறு யாரும் இல்லை.