பூச்சி கடிக்காத ஏரி

“இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை, பேன்ட், அதுக்கு மேல சாக்ஸ்! பொண்ணைக் கூட்டிட்டு வந்தியா, பார்சல் கட்டிட்டு வந்தியா?”

ஏரிக்கரை வாடகை வீட்டின் வாசலில் நின்று கேட்டான் லிஃப்ட் மெக்கானிக்.

மனைவி சிரிக்கவில்லை. மகளின் பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டே சொன்னாள்: “போன வருஷம் ஒரே ஒரு பூச்சி கடிச்சு இவ கை தலகாணி மாதிரி வீங்குச்சே, மறந்துட்டீங்களா? இவ உடம்புக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுவும் பொழுது சாயுற நேரம்!”

“நாங்கள்லாம் ஏரியிலேயே கிடந்து வளர்ந்தவங்க. ஒரு பூச்சி கடிச்சதில்ல.”

“லிஃப்ட்டுல ஒரு நட்டு லூசா இருந்தா உங்களுக்குத் தூக்கம் வராது. சொந்தப் பொண்ணு விஷயத்துல மட்டும் எல்லாம் காத்தோட போச்சு!”

அவன் காதில் அது விழவே இல்லை. பாஷை தெரியாத நாட்டுக்கு விமானம் ஏறி வந்ததே இந்த ஏரிக்காகத்தான். படத்தில் பார்த்ததுமே வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டான். அவன் சின்ன வயதில் லீவுக்கு லீவு போன ஊர் ஏரி மாதிரியே இருந்தது. தண்ணீருக்குள் நீளும் அதே பலகைத் துறை. ஈர மரத்தின் அதே வாசனை. அந்த நாளில் அக்காவும் அவனும் கைகோத்துக்கொண்டு ‘தொபுக்’கென்று குதிப்பார்கள். தலை துவட்டக்கூடக் கரைக்கு வரமாட்டார்கள்.

மனைவி சமையலறைக்குள் போனதும் மகளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

“வாண்டு, சாக்ஸைக் கழட்டு. அம்மாகிட்டச் சொல்லாதே. ஓடு!”

அவள் வெறுங்காலோடு புல்லில் ஓடினாள். அவனே ஓடுவதுபோல் இருந்தது அவனுக்கு.

காலையில் எழுந்து பார்த்தால், குழந்தையின் இடது கால் கணுக்கால் தெரியாமல் வீங்கிக் கிடந்தது. தொட்டால் சுட்டது. நடுவில் ஒரு நீர்க்கொப்புளம்.

“அம்மா... அரிக்குது...”

மனைவி அவனைத் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவளோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டுக் காலைக் கழுவினாள். ஐஸைத் துணியில் சுற்றி ஒற்றினாள். ஊரில் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த மருந்தைக் குடிக்க வைத்தாள். சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளக் கூடாதென்று மடியில் உட்கார வைத்து நகத்தை வெட்டினாள். அப்புறம் பேனாவை எடுத்து, வீக்கத்தைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தாள்.

“என்னடி இது, இப்பப் போய்ப் படம் வரையிற?”

“கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஏறுதான்னு பார்க்க. உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. அது வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே டாக்டர்கிட்டப் போகலாம். வண்டியைக் கூப்பிடுங்க.”

டாக்டர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயமில்லை என்று கைஜாடையிலேயே சொல்லிவிட்டு, பேனாக் கோட்டைக் காட்டி மனைவியிடம் கட்டைவிரலை உயர்த்தினார்.

வீடு திரும்பியதும் வாண்டு அம்மா மடியிலேயே தூங்கிப்போனாள். அவனால் உள்ளே இருக்க முடியவில்லை. துறைக்குப் போய் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டான். நடந்ததையெல்லாம் கொட்டினான்.

“இருந்தாலும் அக்கா, நம்ம ஏரி மாதிரி வராது. எவ்வளவு ஆடியிருப்போம்! நமக்கு ஒரு கடி உண்டா? சுத்தமான இடம்.”





“உனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லையாடா?”

“என்ன?”

“மூணு வயசுல முதல் தடவை போனப்ப பூச்சி கடிச்சு உனக்கு ரெண்டு கண்ணும் திறக்கல. மூஞ்சி பூசணிக்காய். மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. அப்பா உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு, கால்ல செருப்புகூட இல்லாம ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.”

“நானா? அப்புறம் ஏன் வருஷா வருஷம் அங்கேயே போனோம்?”

“நீ ஏரி ஏரின்னு உயிரை விட்டியே! அதுக்கப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் அப்பா நமக்கு முந்தின நாளே போயிடுவார். தொட்டி, வாளியில தேங்கின தண்ணியெல்லாம் கவிழ்த்து, ஜன்னல் வலையில ஓட்டையைத் தச்சு, துறை வரைக்கும் இருந்த புல்லையெல்லாம் ஒத்தை ஆளா வெட்டுவார்.”

“ஆபீஸ் வேலைன்னுல்ல சொன்னாங்க!”

“பொழுது சாய்ஞ்சா ‘கேரம் ஆட உள்ளே வாங்கடா’ன்னு கத்துவாரே, அவருக்கு ஆட்டத்து மேல ஆசையா? காய் எது, ஸ்டிரைக்கர் எதுன்னே தெரியாது மனுஷனுக்கு!”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

“அவர் முதுகு பூரா பூச்சி கடிச்சுத் தடிப்புத் தடிப்பா இருக்கும். அம்மா மருந்து தடவறப்ப நான் பார்த்துட்டேன். ‘தம்பிகிட்ட மூச்சு விடாதே, பயந்துட்டா தண்ணிப் பக்கமே போகமாட்டான்’னு என் வாயை அடைச்சிட்டார்.”

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். 

“நான் அது பூச்சியே இல்லாத இடம்னு நெனச்சுட்டேன்க்கா.”

“போடா பைத்தியக்காரா! அப்பா இருந்த இடம்டா அது.”