கட்டாயம் பாருங்கள்

"நீங்க சொன்ன ஆப்பைப் போட்டுத்தான் என் பொண்டாட்டி வீட்டை விட்டுப் போனா, சிஸ்டர்."

கண் பரிசோதனை நாற்காலியில் இருந்தவன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்து முடித்திருந்தான். கண்ணில் ஒரு குறையும் இல்லை. வந்தது கண்ணாடி வாங்க அல்ல என்பது பரிசோதித்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

கண் பார்ப்பது அவளுக்கு வேலை. மற்ற நேரத்தில் 'மூக்குக்கண்ணாடி' என்று ஓர் இணையப் பக்கம் நடத்தினாள். படித்த புத்தகம், பார்த்த படம், போனில் போட்டுப் பார்த்த ஆப் என எதுவானாலும் நல்லது கெட்டதை நாலு வரியில் எழுதுவாள். வாசகர்களுக்கு அவள் கண்ணாடி அக்கா. கடை முகவரியும் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

"எந்த ஆப்?"

"பஸ் எங்க வருதுன்னு காட்டுமே, அது. நீங்க சொன்ன புத்தகத்தை மாவு டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சுப் படிப்பா. புருஷன் பேச்சைத் தவிர ஊர்ல எல்லார் பேச்சையும் கேப்பா."

மனைவி விட்டுப்போன பழைய போனைக் குடைந்து பார்த்திருக்கிறான். மூக்குக்கண்ணாடியில் 'இடைவேளை' என்ற பெயரில் பின்னூட்டம் போடுவது அவள்தான் என்று கண்டுபிடித்துவிட்டான். இந்த ஊரில்தான் எங்கோ இருக்கிறாள் என்பதும் தெரிந்துவிட்டது. எந்தத் தெரு, எந்த வீடு என்பதுதான் தெரியவில்லை.

கண்ணாடி அக்காவுக்கு இடைவேளையைத் தெரியும். முகம்தான் தெரியாது. எதையும் பாதியில் நிறுத்தி, "மீதி அப்புறம் அக்கா" என்று எழுதுகிறவள். கண்ணாடி மறுபடி உடைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று ஒருமுறை படம் அனுப்பியிருந்தாள். கைதவறி விழுந்த கண்ணாடி அப்படி உடையாது. முகத்தில் இருக்கும்போது அடி விழுந்தால்தான் ஃப்ரேம் அப்படி வளையும்.

"அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரிய வேண்டாம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து தியேட்டர்ல ஒரு படம் ஓடுது. சாயங்காலம் ஒரே ஷோ, இன்னிக்குக் கடைசி. நல்லா இருக்குன்னு எழுதுங்க. நீங்க சொன்னா வந்துடுவா. மீதியை நான் பார்த்துக்கறேன்."

"நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையே."

"பார்த்துட்டுத்தான் எல்லாரும் எழுதறாங்களா?"

அவன் முகத்தில் மாட்டியிருந்த சோதனைக் கண்ணாடியைக் கழற்றி, அலுங்காமல் மேஜைமேல் வைத்தான்.

"உங்க பொண்ணோட ஸ்கூல் வேன் பழக்கடை முனையிலதானே நிக்கும்? மஞ்சப் பை மாட்டிக்கிட்டு இறங்குவா. சமத்துப் பொண்ணு."

அவள் போனை எடுத்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் தோளருகே உட்கார்ந்தான். நறுமண எண்ணெய் வாசனை அடித்தது.

படம் நன்றாக இருப்பதாகவும் இன்றே கடைசி என்றும் எழுதி, 'பார்க்கலாம்' என்று முடித்தாள். அவன் தலையை ஆட்டினான்.

"லீவு கேட்டா எங்க மேனேஜரும் 'பார்க்கலாம்'னுதான் சொல்வார். இதுவரைக்கும் கிடைச்சதில்ல. அழுத்தமா போடுங்க."

'நிச்சயம் பார்க்கலாம்' என்று மாற்றினாள். அதுவும் அவனுக்குப் போதவில்லை.

"இதுக்கு மேலன்னா 'கட்டாயம்'னுதான் போடணும்." அவள் போனைக் கீழே இறக்கினாள். "அதை நான் அவ்வளவு சுலபத்துல எழுத மாட்டேன்."

"ஏன், கை சுளுக்கிக்குமா? எழுதுங்க."

அவள் முதலில் போட்ட சொல்லை அழித்தாள். பிறகு எழுதினாள்: 'கட்டாயம் பாருங்கள்.' பதிவு போயிற்று.

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "கட்டாயமா!" என்றார். இன்னொருவர், "அக்காவே சொல்லிட்டாங்க" என்றார். பிறகு அந்தப் பெயர் வந்தது. இடைவேளை எழுதியிருந்தாள்: "கட்டாயமா? அப்ப சரி அக்கா."

அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். கட்டின புருஷன் கூப்பிட்டும் வராதவள், முன்பின் தெரியாத ஒருத்தி நாலு வரி எழுதியதும் கிளம்பிவிட்டாளே என்று சிரித்தான். அவள் கையிலிருந்து போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"படம் முடிஞ்சதும் தரேன். அதுவரைக்கும் யாரோடயும் பேச்சு வேண்டாம், சிஸ்டர். பொண்ணு ஞாபகம் இருக்கட்டும்."

அவன் பைக் தெருமுனையைத் திரும்பும்வரை அவள் அசையவில்லை. பிறகு பக்கத்து மருந்துக் கடைக்கு ஓடினாள். அங்கிருந்த போனில் முதலில் பள்ளிக்குப் பேசி, தானே வரும்வரை மகளை வெளியே விட வேண்டாம் என்றாள். அடுத்து போலீஸுக்குப் பேசினாள். எந்த தியேட்டர் வாசலில், என்ன நிறச் சட்டையில் அவன் நிற்பான் என்பதைத் திருத்தமாகச் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்த மருந்துக் கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா இது, அந்தப் பொண்ணை நீயே வரச்சொல்லி எழுதிட்டியே. போலீஸுக்கு முன்னாடி அது வந்து நின்னா?"

"வர மாட்டா அண்ணே. யாராவது கட்டாயப்படுத்தி எழுத வச்சா மட்டும்தான் என் பக்கத்துல 'கட்டாயம்'னு போடுவேன். அந்தத் திசைக்கே போகக் கூடாதுன்னு அர்த்தம், அது பழைய வாசகருங்க எல்லாருக்கும் தெரியும்."

அவள் போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்படி ஒரு அடையாளம் வச்சுக்கலாம் அக்கான்னு யோசனை சொன்னதே இடைவேளைதான்."