நனையாத முதுகு

“இன்னிக்காவது என் முதுகுல தண்ணி தெறிக்காம துடுப்பு வலிங்க” என்று சொல்லிவிட்டுத்தான் பாக்கியலக்ஷ்மி படகில் ஏறினாள்.

அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்த பாண்டித்துரை துடுப்பை எடுத்து மாட்டினான். அவன் என்றைக்குத்தான் வாயைத் திறந்தான்.

தொண்ணூற்றெட்டு, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மட்டாஞ்சேரிக் காயலோரத்துப் படகு கிளப்பில் அன்று பரீட்சை. காயலுக்குக் குறுக்கே பி.ஓ.டி. பாலம் வராத, வண்டிச் சத்தமில்லாத காலம். காலை ஏழு மணிக் காயலில் யாராவது தூரத்துத் தோணியில் இருமினால்கூட படகுத்துறையில் கேட்கும்.

பரீட்சை பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. ஒரு படகுக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு துடுப்பு. போகிற திசைக்கு முதுகைக் காட்டி, ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். மிதக்க விட்டிருக்கும் நீல டிரம்மைச் சுற்றிக்கொண்டு எட்டு நிமிஷத்துக்குள் திரும்ப வேண்டும். அவள் எண்ண வேண்டும், அவள் முதுகுக்குப் பின்னால் இருப்பவன் அந்த எண்ணிக்கைக்கு வலிக்க வேண்டும்.

ஒருவர் சொதப்பினால் இருவரும் பெயில். பாஸானால் பயிற்சி அன்றோடு முடிந்தது. அடுத்த ஞாயிறு அந்தப் படகில் வேறு ஆட்கள்.

இவர்கள் ஏற்கெனவே இரண்டு தடவை பெயில்.

யாரால் என்று பேட்ச் முழுக்கத் தெரியும். கொச்சங்காடிக் கிடங்கில் மிளகு மூட்டையைத் தலையணை மாதிரி தூக்கிப் போடுகிற ஆள், கையில் துடுப்பைக் கொடுத்தால் போச்சு. அவள் ‘ஒண்ணு’ என்று சொல்லி முடித்து ‘ரெண்டு’க்கு வரும்போதுதான் அவன் துடுப்பு தண்ணீரைத் தொடும். டிரம்மைச் சுற்றச் சொன்னால் நேராகப் போய் அதன்மேல் முட்டுவான். தெறிக்கிற தண்ணீரெல்லாம் அவள் முதுகில்.

நனைத்த குற்றத்துக்கு வாரா வாரம் ஒரு சாயா வாங்கித் தருவான். அதைக் குடித்துக்கொண்டே அவனைத் திட்டித் தீர்ப்பாள். ஈரத் துணியோடு சுள்ளிக்கல் வீட்டுக்குப் போனால் அம்மா ராமாத்தாள், ‘படகு ஓட்டப் போறியா, குளிக்கப் போறியாடி?’ என்பாள்.

ஜோடியை மாற்றிக்கொள் என்று சொல்லாத ஆள் இல்லை. சரி சரி என்று தலையாட்டிவிட்டு, ஞாயிறு வந்ததும் அதே படகில் போய் உட்காருவாள். பாவம், நாமும் விட்டால் இந்த மனுஷனோடு வேறு யார் உட்காருவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

ஆனால் இந்தத் தடவை விளையாட்டு இல்லை. பெண்கள் பேட்சுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும், பாஸானால் அந்த வேலை உனக்கு என்று அனந்தநாராயணன் சார் சொல்லியிருந்தார். பயிற்சி கொடுப்பவர் அவர்தான். காயலுக்கு அக்கரையில் பிராட்வே துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

போன ஞாயிறு சாயாக்கடையில் பாண்டித்துரையிடம் அழாத குறையாகச் சொன்னாள்: “இதுவும் போச்சுன்னா ஆயுசு முழுக்க அந்தக் கடையில நிக்க வேண்டியதுதான்.”

அவன் அவள் காலைப் பார்த்தான். அப்புறம் அவனுடைய சாயாவைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனான்.

சார் விசில் ஊதினார்.

‘ஒண்ணு’ என்றாள், முதுகைக் குறுக்கிக்கொண்டு.

தண்ணீர் வரவில்லை.

‘ரெண்டு.’ அதற்கும் வரவில்லை. நாலு துடுப்பும் ஒரே சத்தமாக விழுந்தன. படகு வழுக்கிக்கொண்டு போனது.

நீரோட்டம் நம் பக்கம் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

டிரம் வந்தது. பின்னால் இருப்பவன் ஒரு துடுப்பை ஊன்றிப் பிடித்து மறு துடுப்பால் வளைக்க வேண்டிய இடம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது டிரம் அவள் கண்ணெதிரே சின்னதாகிக்கொண்டே போனது.

இப்போது நீரோட்டம் எதிர். ஆனாலும் வேகம் குறையவில்லை.

அட, இந்த ஆளுக்கு என்ன ஆச்சு! சந்தோஷத்தில் அவள் குரல் ஏறியது. படகுத்துறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தி எண்ணினாள். பின்னால் அவன் மூச்சு மட்டும் கேட்டது, எண்ணிக்கை பிசகாமல்.

ஆறு நிமிஷம் நாற்பது விநாடி. அனந்தநாராயணன் சார் கடிகாரத்தைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று பார்த்தார்.

பாக்கியலக்ஷ்மி தாவிக் கரையேறினாள். இனி அந்தக் கடை வாசலை மிதிக்க வேண்டாம். சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. முதுகைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஏனோ அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பாண்டித்துரை படகைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவின இடத்தையே திரும்பவும் கழுவினான்.

சார் மேஜையில் ஒரே ஒரு சான்றிதழ்தான் இருந்தது. அதில் அவள் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“அவருக்கு எங்க சார்?”

“அவனுக்கெதுக்கும்மா இன்னொண்ணு? போன வருஷமே வாங்கிண்டுட்டானே. அந்த பேட்ச்ல அவன்தான் ஃபர்ஸ்ட்” என்றார் சார், பேனாவை மூடிக்கொண்டே. “நீ வந்து பேர் குடுத்தியோல்லியோ, அதுக்கு மறுநாள் வந்து நிக்கறான். துடுப்பு போடறதே மறந்துடுத்து சார், முதல்லேர்ந்து கத்துக்கறேன்னு.”