பாருலின் பரீட்சை

"கூலருக்குப் புதுப் புல் மாத்தினாங்களாமா? ஏப்ரல் வந்தாச்சே."

"மாத்திட்டாங்கப்பா."

"யார் மாத்தினது? அந்தத் திவாரிக்குத்தான் முதுகுவலின்னு சொன்னியே. ஸ்டூல்ல எப்படி ஏறினான்?"

மிருதுளா அவரைக்காயின் நாரை நீளமாக இழுத்தாள். போன மாதம் திவாரிக்கு முதுகுவலி வந்ததை அவளே மறந்துபோயிருந்தாள்.

"பாருல்தான் ஏறினாளாம்."

"அதானே பார்த்தேன்." அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கெட்டிக்காரி."

டெல்லி வெயிலுக்கு ஜன்னலில் மாட்டுகிற கூலர் அது. பக்கங்களில் புல் அடைத்துத் தண்ணீர் ஒழுகவிட்டால் அறை முழுக்கக் குளிர்ந்த காற்று வரும். ராஜகீழ்ப்பாக்கத்தில் காற்றிலேயே பாதித் தண்ணீர். இங்கே கூலருக்கு வேலை இல்லை.

அப்பா சாம்பசிவனுக்கும் பெரிதாக வேலை இல்லை.

அவர் பிறந்ததே டெல்லியில். வேலை, கல்யாணம், ஓய்வு எல்லாம் அங்கேதான். மிருதுளாவுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. ஜனக்புரி வீட்டில் அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் கையோடு கூட்டிவந்துவிட்டாள். கடைசியில் சொந்த மண்ணுக்கே போகிறீர்கள் என்று எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

சொந்த மண்ணில் அவருக்கு பஸ் போர்டைப் படிக்கத் தெரியவில்லை. தமிழ் அவருக்கு வாயில் மட்டும்தான் இருந்தது.

ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னா சேட்டு, எங்க எறங்கணும்?" என்று கேட்டுவிட்டார். அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அப்பா. அப்புறம் ஷேர் ஆட்டோவில் ஏறுவதையே விட்டுவிட்டார்.

இப்போதெல்லாம் சில நாள் சாயங்காலம் எதிர் மனையில் வேலை செய்யும் பீகார் கொத்தனார்களோடு நின்று இந்தியில் பேசிவிட்டு வருவார். அன்றைக்கு மட்டும் இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

மற்றபடி அவருக்கு இருந்தது திவாரி குடும்பம்தான்.

ஜனக்புரி வீட்டை வாடகைக்கு விட்டிருப்பதாக மிருதுளா சொன்னபோது திவாரி மட்டும்தான் இருந்தார். வங்கியில் வேலை. அவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆளா என்று அப்பா கேட்டார். ஒரு மனைவி வந்தாள். பொங்கலன்று கரும்பை நறுக்கிக்கொண்டே, பிள்ளைகுட்டி இல்லையா என்றார், பாருல் வந்தாள்.

பாருல் மட்டும் மிருதுளாவின் கையை மீறி வளர்ந்தாள். மொட்டை மாடி வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆரஞ்சுத் தோலைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். கணக்கு டெஸ்ட் என்றால் முந்தின ராத்திரியே வயிற்றுவலி என்று படுத்தாள். இதையெல்லாம் எங்கிருந்து எடுக்கிறோம் என்று மிருதுளா யோசித்ததில்லை. வாயைத் திறந்தால் வந்தது.

பொய் சொல்வதுகூடப் பழகிவிட்டது. அதை அவர் இத்தனை ஆசையாகக் கேட்பதுதான் பழகவில்லை.

வீட்டைப் போன வருஷமே விற்றாகிவிட்டது. அம்மா போனதும் அப்பா அதை மகள் பேருக்கு எழுதிவைத்திருந்தார். அதனால் அவரிடம் ஒரு கையெழுத்துகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த பிளாட்டும், அவர் உட்கார்ந்திருக்கும் இந்த பால்கனியும் அந்த வீடுதான். வாங்கியவர் இடித்துவிட்டு நாலு மாடி கட்டுவதாகச் சொன்னார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். முதல் மாதம் சொல்லவில்லை. அடுத்த மாதம் சொல்ல முடியவில்லை.

"மிருது, இந்த போன் ரொம்ப மந்தமா இருக்கு. போட்டோவெல்லாம் ஜாஸ்தியாயிடுச்சு போல. வேண்டாததை அழிச்சுக் குடேன்."

முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

காலை வணக்கங்கள், ரோஜாப் பூக்கள், யாரோ ஒருவரின் பேரன். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனாள். ஜனக்புரியில் பக்கத்து வீட்டிலிருந்த சோப்ரா அங்கிள் அனுப்பிய தீபாவளி விளக்கு. அதற்கும் கீழே அவரே அனுப்பிய இன்னொரு படம்.

அவர்கள் வீட்டின் பச்சை இரும்பு கேட். அதன் பூட்டுகூட அப்படியே இருந்தது. கேட்டுக்குப் பின்னால் கொய்யா மரம் இருந்த இடத்தில் ஒரு குட்டை. அதற்குப் பின்னால் செங்கல் குவியல். அதற்குப் பின்னால் வானம்.

கீழே வேளச்சேரி பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே போனது.

படத்தின் தேதியை மறுபடி பார்த்தாள். தீபாவளி. பொங்கலுக்கு முன்னால் வந்த தீபாவளி.

அன்றைக்குப் பாருல் இன்னும் பிறக்கவே இல்லை.

நிமிர்ந்தாள். அப்பா முறத்தைத் தன் பக்கம் இழுத்து, அவள் விட்ட இடத்திலிருந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை.

"அது கிடக்கட்டும்," என்றார். "பாருல் கணக்குப் பரீட்சை எப்படி எழுதினா? அதை நீ சொல்லவே இல்லையே. சொல்லும்மா."